உயர் கொள்ளளவு லித்தியம் அயனி செல்கள்: திறன் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர்கள், சூரிய விளக்கு செய்பவர்கள், பொறியியல் மாணவர்கள், வீட்டில் பவர் பேங்க் வைத்திருப்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் எங்கள் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் உருளை வடிவச் செல்களைப் பற்றியே பேசுகிறேன். சந்தையில் எளிதாகக் கிடைப்பவையும் போலிகள் மலிந்தவையும் அவைதான்.

18650, 21700 என்ற எண்களுக்கு என்ன பொருள்? எவ்வளவு இருந்தால் அது உயர் கொள்ளளவு?

முதல் இரண்டு இலக்கங்கள் செல்லின் விட்டம், அடுத்த இரண்டு அதன் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். கடைசியில் நிற்கும் சுழி உருளை வடிவத்துக்கான குறி. நேர்மையான தயாரிப்பாளர்களின் 18650 செல்லில் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி நின்றுவிடுகிறது. 21700 செல்லில் 5000 என்பது இன்று சாதாரணம்.

இந்த அளவை எட்டியது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். நேர்முனைப் பொருளில் நிக்கலைக் கூட்டினார்கள், எதிர்முனைக் கிராஃபைட்டில் கொஞ்சம் சிலிக்கானைக் கலந்தார்கள், இரண்டுக்கும் நடுவிலுள்ள பிரிப்பானை மெலிதாக்கினார்கள். மூன்றுக்கும் ஒரு விலை உண்டு. நிக்கல் கூடினால் நேர்முனை வெப்பத்தைத் தாங்கும் அளவு குறைகிறது. சிலிக்கான் ஒவ்வொரு சார்ஜிலும் வீங்கிச் சுருங்குகிறது. மெலிந்த பிரிப்பான் ஒரு சிறு உலோகத் துகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே, கொள்ளளவு அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் பாதுகாப்பு அறிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களிடம் நான் எப்போதும் வாதாடுவேன். கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு மில்லி ஆம்பியர் மணியும் பாதுகாப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

மேலுறையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 செல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். ஒரு எளிய கணக்கே போதும். 3500 மில்லி ஆம்பியர் மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. செல்லின் எடை சுமார் 48 கிராம். அப்படியானால் கிலோவுக்கு 260 வாட் மணி சொச்சம். 9900 உண்மையானால் அதே எடையில் கிலோவுக்கு 740 வாட் மணி இருக்க வேண்டும். அப்படியொரு லித்தியம் அயனி செல் விற்பனையில் கிடையாது.

தலைவிளக்கு விற்கும் கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர்களின் ஏச்சு தாளாமல், அப்படிப்பட்ட செல்கள் நான்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு செல்லைத் தராசில் வைத்ததும் 31 கிராம் காட்டியது. நல்ல செல் 45 கிராமுக்குக் குறைவது அரிது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் காலை பத்து மணிக்கு அரை ஆம்பியரில் இறக்கத் தொடங்கினோம். உறையிலுள்ள எண் உண்மையாக இருந்தால் அடுத்த நாள் விடியற்காலை வரை ஓடியிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரையில் கோடு செங்குத்தாகச் சரிந்தது: 1140 மில்லி ஆம்பியர் மணி. எடை குறைந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். எடை சரியாக இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. ஏதாவது பொடியை நிரப்பி எடையைச் சரிக்கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் கொள்ளளவை முறைப்படி அளப்பது எப்படி?

முதலில் செல்லை 25 டிகிரி செல்சியஸ் அறையில் சில மணி நேரம் வைத்து வெப்பநிலையைச் சமப்படுத்த வேண்டும். பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் மாறா மின்னோட்டத்தில் (பெரும்பாலும் கொள்ளளவின் பாதி அளவு ஆம்பியரில்) 4.2 வோல்ட் வரும்வரை ஏற்றி, அந்த மின்னழுத்தத்திலேயே நிறுத்தி, மின்னோட்டம் கொள்ளளவின் இருபதில் ஒரு பங்காகக் குறையும்வரை விட வேண்டும். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 5000 செல்லுக்கு 1 ஆம்பியரில், 2.5 வோல்ட் வரை இறக்க வேண்டும். வெளியே வந்த மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதுதான் கொள்ளளவு. ஆய்வகப் பேச்சில் இந்த வீதத்தை 0.2 சி என்போம்; ஒரு மணி நேரத்தில் முழுதாகக் காலியாக்கும் வீதம் 1 சி.

இதில் ஒவ்வொரு எண்ணையும் மாற்றினால் விடையும் மாறும். 4.2க்குப் பதில் 4.1 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். 0.2 சி வீதத்தில் 5000 கொடுக்கும் செல், 2 சி வீதத்தில் இறக்கும்போது உள்ளே சூடேறி, மின்னழுத்தம் சீக்கிரமே எல்லையைத் தொட்டு, கணிசமாகக் குறைவாகத் தரும். ஸ்கூட்டருக்குப் பேட்டரி பேக் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) செய்பவர் ஒருவர் 0.2 சி அறிக்கையைக் காட்டி, மேட்டில் ஏறும் வண்டிக்குக் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அவருக்குத் தேவையான அறிக்கை அதுவல்ல. எந்த வீதம், எந்த வெப்பநிலை, எந்த மின்னழுத்தத்திலிருந்து எதுவரை என்ற மூன்றும் இல்லாத கொள்ளளவு எண்ணுக்கு மதிப்பில்லை.

மல்டிமீட்டரில் 3.7 வோல்ட் காட்டுகிறது. செல் நன்றாக இருக்கிறது என்று பொருளா?

கிணற்றில் நீர்மட்டம் தெரிந்தால் கிணற்றின் அகலம் தெரிந்துவிடாது. 3.7 வோல்ட் காட்டும் செல்லுக்குள் 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் உடம்பும் இருக்கலாம், 300 மட்டுமே கொள்ளும் உடம்பும் இருக்கலாம்.

ஆனாலும் மல்டிமீட்டர் ஒரு நல்ல வேலைக்கு உதவும். ஒரே தொகுதிச் செல்களை ஒரே அளவுக்கு ஏற்றி, ஒரு மாதம் தனித்தனியாக வைத்துவிட்டு, மின்னழுத்தத்தை மறுபடி அளந்து பாருங்கள். மற்றவை அசையாமலிருக்க ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், அதற்குள் மெல்லிய கசிவுப் பாதை ஏதோ உருவாகியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையில் செல்களைச் சில நாட்கள் அல்லது வாரங்கள் சும்மா அடுக்கி வைப்பது இதற்காகவே. 2 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த செல்லை மீட்க முயல வேண்டாம். எதிர்முனையின் செம்புத் தகடு மின்பகுளியில் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தில்) கரைந்திருக்கும், திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படியும்.

அக மின்தடையை அளக்கும் கருவி ஒன்று 22 மில்லி ஓம் என்கிறது, இன்னொன்று 35 என்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். முதல் கருவி 1000 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அளந்திருக்கும்; அதில் தகடுகள், முனைகள், மின்பகுளி ஆகியவற்றின் தடைதான் பெரும்பாலும் தெரியும். இரண்டாவது, சில ஆம்பியரைச் சில நொடிகள் இழுத்து மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்திருக்கும். அதில் வேதிவினையின் தயக்கமும் சேர்ந்துவிடும். வண்டி ஓட்டும்போது சூடாவதைக் கணக்கிட இரண்டாவது எண்தான் உதவும்: 30 மில்லி ஓம் செல்லில் 10 ஆம்பியர் ஓடினால் அதற்குள்ளேயே 3 வாட் வெப்பம் பிறக்கிறது. எதை அளந்தாலும், மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்தைப் பார்க்க இரண்டு எனத் தனித்தனிக் கம்பிகள் வைக்கும் நான்கு கம்பி முறையில்தான் அளக்க வேண்டும். இரண்டு கம்பியில் அளந்தால் கம்பியும் தொடுமுனையும் சேர்ந்து செல்லை விடப் பெரிய தடையைக் காட்டிவிடும்.

500 சுழற்சி, 1000 சுழற்சி என்று ஆயுளைச் சொல்கிறார்களே, உண்மையிலேயே அத்தனை முறை சோதிக்கிறார்களா?

ஆம். ஏற்றம், ஓய்வு, இறக்கம், மறுபடி ஓய்வு எனச் சுழற்சி ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 500 சுழற்சிக்கு 2500 மணி நேரம், அதாவது இரவு பகலாக மூன்றரை மாதம். பொதுவாகத் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிய இடத்தை ஆயுளின் முடிவாகக் கொள்கிறோம்.

இங்கே சிறு எண்களின் பலம் வியப்பூட்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் இருக்கும் கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் போனால்கூட, 500 சுழற்சிக்குப் பின் 60 சதவீதமே மிஞ்சும். ஆகவே நல்ல செல் பத்தாயிரத்தில் சில பங்கு மட்டுமே இழக்க வேண்டும். அவ்வளவு நுட்பமான இழப்பைச் சில வாரங்களிலேயே அளந்து ஆயுளை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் உயர்துல்லிய அளவீட்டுக் கருவிகளைக் கட்டிக் காட்டினார்கள்.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. தயாரிப்பாளரின் ஆயுள் வரைபடம் பெரும்பாலும் 25 டிகிரியில் எடுக்கப்பட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது. 45 டிகிரி வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் செல்லை என்னவெல்லாம் செய்கிறார்கள்?

கையடக்கச் சாதனங்களுக்கான செல்களுக்கு உலக அளவில் ஐ.இ.சி. 62133-2 என்ற தரமும், இந்தியாவில் அதையொட்டிய ஐ.எஸ். 16046 தரமும் இருக்கின்றன. முனைகளை வெளியே குறுக்கிணைப்பது (ஷார்ட் சர்க்யூட்), அடுப்பில் வைத்து நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 130 டிகிரி வரை சூடேற்றுவது, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் 13 கிலோ நியூட்டன் விசையில் நசுக்குவது, காலியான செல்லுக்குள் எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்துவது ஆகியவை அதில் உண்டு. 13 கிலோ நியூட்டன் என்பது ஒரு நடுத்தரக் காரின் எடையை ஒரு செல்லின் மேல் இறக்குவதற்குச் சமம். இவற்றில் சில சோதனைகளுக்கு முன், 10 டிகிரிக் குளிரிலும் 45 டிகிரிச் சூட்டிலும் செல்லைச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று அத்தரம் கேட்கிறது. அனுமதிக்கப்பட்ட எல்லைகளின் இரு ஓரங்களிலும் நிறுத்தி அதற்குப் பிறகு வதைப்பதுதான் நேர்மையான சோதனை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

விமானத்திலோ கப்பலிலோ ஏற்றுவதற்கு ஐ.நா.வின் யு.என். 38.3 எனப்படும் எட்டுச் சோதனைகள் தனி. உயரமான வானத்தின் குறைந்த அழுத்தமாக 11.6 கிலோ பாஸ்கலில் ஆறு மணி நேரம், 72 டிகிரிக்கும் கழித்தல் 40 டிகிரிக்கும் இடையே மாறி மாறி, அதிர்வு, மோதல் என்று அவை போகும். 18 மில்லிமீட்டருக்குக் குறையாத உருளைச் செல்லின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டை வைத்து, 9.1 கிலோ எடையை 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போடும் சோதனையும் அதில் அடக்கம்.

எங்கள் கூடத்தில் குறுக்கிணைப்புச் சோதனை நடக்கும்போது பேச்சு நின்றுவிடும். வெப்பம் தாங்கும் மஞ்சள் நிறக் காப்டன் டேப்பால் வெப்ப உணரியை ஒட்டிய செல், தடித்த கம்பி வழியே மின்னோட்டம் பாய்ந்த சில நொடிகளில் சூடேறத் தொடங்கும். பிறகு கண்ணாடிக்கு அப்பால் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை. உள்ளே எழுந்த வாயு அழுத்தம், நேர்முனை மூடியின் கீழிருக்கும் தகட்டைத் தள்ளி மின்சுற்றை அறுத்துவிட்டது. மின்னோட்டக் கோடு ஒரே வெட்டில் சுழிக்கு விழும். அந்தச் சின்னஞ்சிறு தகடு வேலை செய்த கணத்தில் எல்லாரும் மூச்சு விடுவோம். விலை குறைந்த செல்களில் அந்தத் தகட்டையே விட்டுவிடுவதும் உண்டு.

செல் எப்படித் தீப்பிடிக்கிறது?

எதிர்முனைக் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கிறது. செல் முதன்முதலாகச் சார்ஜ் ஆகும்போதே உருவாகிவிடுவது அது. ஏறக்குறைய 80 முதல் 120 டிகிரிக்குள் அந்தப் படலம் சிதையத் தொடங்கி, சிதைவதில் தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. 130 டிகிரி அருகில் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகுகிறது. அதன் நுண்துளைகள் அடைபட்டு மின்னோட்டம் நின்றால் நல்லது. பிரிப்பான் சுருங்கிக் கிழிந்தால் இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். 200 டிகிரியை நெருங்கும்போது நிக்கல் மிகுந்த நேர்முனை தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுவிடுகிறது, எளிதில் பற்றும் மின்பகுளியோ பக்கத்திலேயே இருக்கிறது. வெளிக்காற்று இல்லாமலே எரியத் தேவையானவை எல்லாம் உள்ளேயே சேர்ந்துவிடுவதால்தான், தீப்பிடித்த செல்லின் மேல் மணலைக் கொட்டினாலும் உள்ளே நடப்பது நிற்பதில்லை. பெருமளவு தண்ணீரால் குளிரவைப்பது, பக்கத்துச் செல்களுக்குப் பரவாமல் தடுப்பதற்காக.

ஒரு கட்டத்தின் வெப்பமே அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைக்கும் இந்தத் தொடர்வினையைத் ‘தெர்மல் ரன்அவே’ என்கிறோம். செல் தானாகச் சூடாகத் தொடங்கும் வெப்பநிலையை அளக்க, வெப்பம் வெளியேறாத கலோரிமீட்டருக்குள் (வெப்பத்தை அளக்கும் கருவிக்குள்) வைத்து, சில டிகிரி கூட்டுவது, காத்திருப்பது, நிமிடத்துக்கு 0.02 டிகிரி என்ற அளவிலாவது செல் தானே ஏறுகிறதா என்று பார்ப்பது எனப் படிப்படியாகப் போவோம். ஒரு செல்லுக்கு ஒன்றிரண்டு நாட்கள்கூட ஆகும்.

ஆணி அடித்துக் காட்டும் வீடியோக்களை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். ஆணியின் தடிமன், அது இறங்கும் வேகம், எவ்வளவு சார்ஜ் இருந்தது என்பவற்றைப் பொறுத்து ஒரே செல் ஒருமுறை புகையோடு நிற்கும், இன்னொருமுறை எரியும். உண்மையான உள் குறுக்கிணைப்பு வெளியிலிருந்து வரும் ஆணியால் நேர்வதில்லை. அதனால் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் நாசாவும் வேறொரு வழி கண்டன: செல்லைச் செய்யும்போதே மெழுகு பூசிய ஒரு நுண்ணிய உலோக அமைப்பை உள்ளே வைத்துவிடுகிறார்கள், 57 டிகிரியில் மெழுகு உருகியதும் குறுக்கிணைப்பு உண்டாகிறது. நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் பழுதை வரவழைக்கும் சோதனை என்பதால் இதன் முடிவுகளை நான் அதிகம் மதிக்கிறேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் தீப்பிடிக்கவே பிடிக்காது என்கிறார்களே?

பிடிப்பது கடினம், பிடிக்காது என்பது தவறு. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது, வினையும் மெதுவாக நடக்கிறது. ஆனால் மின்பகுளி அதே எரியும் திரவம்தான். அச்செல்கள் பழுதாகும்போது வெளியிடும் வாயுவில் ஹைட்ரஜன் அதிகம். மூடிய அறையில் அது சேர்ந்துகொண்டால் வெடிக்கும். சோதிக்கும்போது எல்லைகளும் வேறு: 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

எல்லாச் சான்றிதழும் பெற்ற செல்கள் ஏன் எரிகின்றன?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் கனமானது இது. சான்றிதழ் பெற்றவை சில பத்துச் செல்கள். விற்பனைக்குப் போவதோ கோடிக்கணக்கில். வடிவமைப்பு நல்லதா என்பதைத்தான் அச்சோதனை சொல்லும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் விழுந்த உலோகத் துகளை அது பார்த்ததில்லை. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் திரும்பப் பெறப்பட்டபோது, அடுத்த ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், முதல் தொகுதியில் எதிர்முனைத் தகட்டின் மூலை வளைந்திருந்ததும், மாற்றாக வந்த தொகுதியில் பற்றவைத்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அந்தக் கைபேசியும் விற்பனைக்கு முன் சோதனைகளைத் தாண்டித்தான் வந்தது.

சோதனை செய்தவர்களின் அனுமானமே தவறியதும் உண்டு. 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தின் பேட்டரி எரிந்தது. சில நாட்களில் ஜப்பானில் இன்னொன்றின் பேட்டரி புகைந்தது. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ஒரு செல்லுக்குள் குறுக்கிணைப்பு வந்தாலும் அந்தச் செல் வாயுவை விடுவதோடு நிற்கும், தீயாகாது என்று பாதுகாப்பு மதிப்பீட்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அமெரிக்க விசாரணையில் வெளிவந்தது.

இன்னொரு காரணம் வயது. பெரும்பாலான சோதனைகள் புதுச் செல்லில் நடக்கின்றன. குளிரில் அல்லது மிக வேகமாகச் சார்ஜ் ஏறி, எதிர்முனையின் மேல் லித்தியம் உலோகமாகவே படிந்துவிட்ட பழைய செல், புதிய செல்லை விடக் குறைந்த வெப்பநிலையிலேயே கட்டு மீறுகிறது, அதாவது தெர்மல் ரன்அவே ஆகிறது. முந்நூறு சுழற்சி ஓடிய செல்லில் அதே சோதனைகளை மறுபடி செய்த அறிக்கை இருந்தால் அதற்கு ஒரு தனி மரியாதை கொடுங்கள்.

மின் ஸ்கூட்டர்களுக்கு இந்தியாவில் இப்போது என்ன விதி?

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற விட்டிருந்த மின் ஸ்கூட்டரில் பற்றிய தீயின் புகையில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீ விபத்துகள் நடந்தன. அதன்பின் மின் வாகனப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் கட்டு மீறினால் அது பேக் முழுவதும் பரவுகிறதா என்ற சோதனை, ஓட்டுநருக்கு ஒலியும் ஒளியுமான எச்சரிக்கை, தண்ணீரில் மூழ்கினாலும் உள்ளே புகாத பெட்டி, ஒவ்வொரு செல்லும் எங்கே எப்போது செய்யப்பட்டது என்ற பதிவு ஆகியவை சேர்ந்தன. தனிச் செல்லைக் காப்பாற்றுவதை விட, ஒரு செல் போனாலும் வண்டியில் இருப்பவர் இறங்கி ஓட நேரம் கிடைக்கிறதா என்று கேட்பது சரியான கேள்வி என்பதால் இந்தத் திருத்தத்தை மனமார வரவேற்கிறேன்.

பழைய லேப்டாப் செல்களைப் பிரித்தெடுத்துச் சூரிய விளக்குக்குப் பேக் கட்டுகிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

கொள்ளளவு, அக மின்தடை, ஒரு மாத மின்னழுத்த இழப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு செல்லுக்கும் அளந்து, நெருங்கிய எண்கள் உள்ளவற்றை மட்டும் சேருங்கள். சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காத அளவுக்குச் சூடாகும் செல்லை அப்போதே ஒதுக்குங்கள். பி.எம்.எஸ். (செல்களின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் மின்னணுப் பலகை) இல்லாமல் எந்தப் பேக்கையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

நசுக்குவது, சூடேற்றுவது போன்றவற்றை வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். அது நுரையீரலை அரிக்கும். சன்னலைத் திறந்து வைப்பது அதற்குப் பாதுகாப்பாகாது.

சோதனையில் எரியாமல் தப்பிய செல்லை என்ன செய்கிறீர்கள்?

உடனே தொடுவதில்லை. குறுக்கிணைப்பும் மோதலும் முடிந்து ஆறு மணி நேரம், மிகையேற்றத்துக்கும் எதிர்த்திசை மின்னோட்டத்துக்கும் பின் ஏழு நாட்கள் தீப்பிடிக்காமல் இருந்தால்தான் யு.என். 38.3 தேர்ச்சி என்கிறது. இந்தக் காத்திருப்பு எங்களையும் காக்கிறது. நசுங்கிய செல் ஒன்று மாலையில் குளிர்ந்து கிடந்துவிட்டு, நள்ளிரவில் மறுபடி சூடேறியதை வெப்பப் பதிவில் பார்த்திருக்கிறோம். காத்திருப்பு முடிந்ததும், மின்தடை வழியாக மெதுவாக முழுதும் இறக்கி, முனைகளில் டேப் ஒட்டி, எரியாத பெட்டியில் போட்டு, 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கிறோம். உங்களிடம் உப்பிய செல்லோ பவர் பேங்கோ இருந்தாலும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்; குப்பை வண்டியின் அழுத்தும் தட்டு அந்த நசுக்கும் சோதனையை நடுத்தெருவில் நடத்திவிடும்.